மானியம் வாங்கித் தந்தவள்

இளமதி பேசத் தொடங்கியதும் எதிரே இருந்த மூன்று அதிகாரிகளும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். செகண்டரி டூ படிக்கிற பதினாலு வயதுப் பெண், கழற்றிப் போட்டிருந்த மின்விசிறியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே எது எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் அவள் அம்மா பஞ்சவர்ணம் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் இதுவரை கூப்பிட்டதெல்லாம் கணக்கில் போச்சு, அறிவியலில் போச்சு என்று சொல்லத்தான். கேட்டுக் கேட்டு மரத்துப்போன முகம், நல்ல சேதிக்கும் அப்படியே இருந்தது.

வேலை பார்க்கிற தேக்கா துணிக்கடையில் அரை நாள் லீவு கேட்டபோது முதலாளிகூட, "மறுபடியும் ஃபெயிலா லா?" என்றுதான் கேட்டார்.

பள்ளியில் மின்கருவி வேலை கற்றுத்தரப் பட்டறை கட்ட அரசாங்க மானியம் கேட்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தாலே கல்லாகிவிடுகிற மகளுக்கு அதுதான் கடைசி வழி என்று பஞ்சவர்ணம் நம்பியிருந்தாள். பட்டறை ஆசிரியர் அப்துல் ஹமீது வேறு ஃபோன் போட்டு, "உங்க பொண்ணு வந்து பேசினா கண்டிப்பா கெடைக்கும்மா" என்று சொல்லியிருந்தார்.

பேச்சு முடிந்தது. இளமதி சுவிட்சைத் தட்ட, விசிறி சுற்றியது. அதிகாரி ஒருவர், இவ்வளவு செலவு செய்து கட்டினால் பிள்ளைகள் சேர்வார்களா என்று கேட்டார்.

அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றார் அப்துல் ஹமீது. பட்டறையில் சேர்க்கக்கூடிய இடங்களைப்போல நாலு மடங்கு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மானியம் உறுதி என்று சொல்லிவிட்டார்கள். பிரின்சிபல் எழுந்து வந்து இளமதியின் கையைக் குலுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பஞ்சவர்ணமும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அவளுக்குப் பேச்சு வந்தது. வீடு இருக்கிற தெம்பனிஸ் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. அந்தப் பட்டறையில் மகள் எந்த மேசையில் நிற்பாள், அப்புறம் எந்த காலேஜ், எந்த கம்பெனி என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"இனிமே ஒன்னைய யாரும் மக்குன்னு சொல்ல முடியாதுடி. அடுத்த வருஷம் முழுக்க ஒனக்குப் பிடிச்ச வேலை."

இளமதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா தோளைத் தொட்டு உலுக்கியதும்தான் திரும்பினாள். அழவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அது மார்க் வாங்குறவங்களுக்கும்மா. என்னைய பேச மட்டுந்தான் கூப்பிட்டாங்க."