ஒரு சாண் தள்ளி

மாட்டுத்தாவணி மாடியறையில் நாலு மணி வெயில் கீபோர்டில் சாய்ந்து கிடக்க, அழகுபாண்டி திரையில் வாள்வீச்சை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறான். போன வருஷம் மொட்டைமாடியில் சுபலட்சுமி அவனெதிரே குடையை வாளாக வீச, அதைப் படம்பிடித்து அவன் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக ஆக்கிய வீச்சு அது; தோள் சிலுப்பல்கூட அவளுடையதுதான். எதுவரை பட்டால் அடி என்று காட்ட, ப்ளகின் என்ற துணைநிரல் வாளைச் சுற்றிப் போட்ட சிவப்புப் பெட்டி, அன்று அவன் நின்ற இடத்தில் நிற்கும் எதிராளியைத் தொடாமலே போகிறது. "உம்மேல பட்டுறக் கூடாதுன்னு தள்ளித்தான வீசுனேன். பெட்டிய நீட்டிப் பாரு," என்கிறாள் அவள், புனேயிலிருந்து, போன் ஸ்பீக்கரில். கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கொட்டாம்பட்டிக்கு ஆள் கூப்பிடுகிறார். அவன் பெட்டியை ஒரு சாண் இழுக்கிறான். வாள் பட்டு எதிராளி சரிகிறான். "இப்பப் படுதா?" என்கிறாள். "இன்னும் படல. லைன்லயே இரு," என்று மறுபடி ஓட்டுகிறான்.