நீல ஜெல்லிக் குளம்

கேக்குக்கு இடம் வேண்டுமென்று ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கிறேன். என் கணவனின் பியர் பாட்டில்கள் வெளியே வெயிலில் வேகின்றன; வேகட்டும். அவன் தங்கைக்காகத்தானே இத்தனையும். மெல்போர்னில் இன்று நாற்பது டிகிரி. வட்டக் கேக்கின் நடுவைக் குடைந்து, உட்புறமெல்லாம் வெண்ணெய்க் கிரீம் பூசி, பாதி உறைந்த நீல ஜெல்லியைக் கரண்டி கரண்டியாக விடுகிறேன். அவசரப்பட்டுத் தண்ணியாக ஊற்றினால் கேக் உறிஞ்சிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும். சுற்றிலும் நீள நீளமான சாக்லேட் பிஸ்கட்டுகள் வேலியாக நிற்கின்றன. என் நாத்தனார் பிரான்வின் வீட்டு நீச்சல்குளம், கோடு போட்ட குடை உட்பட, அச்சு அசலாக என் சமையல் மேடையில் மினுங்குகிறது. போன கிறிஸ்துமஸ் மதியம், நீச்சலுடையோடு அந்தக் குளத்து வேலிக் கதவைப் பிடித்துத் தொங்கிய என் மகள் டெஸ்ஸாவிடம், "உள்ள ஏற்கெனவே கூட்டமா இருக்குடி, செல்லம்" என்று சிரித்தவள் பிரான்வின். உள்ளே மிதந்தவை இரண்டே தலைகள், இரண்டும் அவள் பிள்ளைகளுடையவை. இன்று டெஸ்ஸாவுக்கு ஆறு வயது. நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு கரடி மிட்டாய்களை ஜெல்லியில் இறக்கிவிட்டு, "போதும்மா" என்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. பிரான்வின் பரிசுப் பொட்டலத்தோடு நேரே சமையலறைக்கு வந்து கன்னத்தில் கைவைக்கிறாள். "ஐயோ, எங்க வீட்டுக் குளமேதான்! இதுல நான் எங்கடி?" தொப்பி வைத்த சிவப்புக் கரடி ஒன்று பிஸ்கட் வேலிக்கு வெளியே தனியாக நிற்கிறது. இரண்டு மாதமாக நான் மென்றுகொண்டிருந்த பதிலை டெஸ்ஸா முந்திக்கொண்டு, அதே சிரிப்போடு சொல்கிறாள்: "உள்ள ஏற்கெனவே கூட்டமா இருக்கு, அத்தை."