முடிவு உங்கள் கையில்

“டாக்டர் சொல்ல, நோயாளி தலையாட்டுற காலம் இன்னையோட செத்துப் போச்சு!” என்றார் டாக்டர் அலிஸ்டர்.

எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி கிளைவ் தலையாட்டினார்.

அலிஸ்டருக்கு மேனி சிலிர்த்தது. மூட்டு அறுவை நிபுணரான அவர், மாதம் ஒருமுறை பிரிஸ்பேனிலிருந்து குட்டி விமானத்தில் இந்த ஆட்டுப்பண்ணை ஊருக்கு வருவார். ‘நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பது எப்படி’ என்று போன வாரம்தான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்.

மேஜையிலிருந்த ஃபைலைத் திறக்காமலேயே ஓரமாகத் தள்ளினார். “நான் காகிதத்தைப் பார்க்கிறவன் இல்ல, கிளைவ். மனுஷனைப் பார்க்கிறவன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

“மறுபடியும் கார் ஓட்டணும், டாக்டர்.”

“இப்ப நான்தான் ஓட்டறேன்,” என்றார் மனைவி நொரீன். “எண்பது கிலோமீட்டர்.”

“வர்ற வழியில ஒரு கங்காரு இவளைப் பார்த்துட்டு, ரோட்டைத் தாண்டாமலே திரும்பிப் போயிடுச்சு.”

“உயிரோட கொண்டாந்து சேர்த்தேன்ல? அந்த நன்றி இருக்கா? டாக்டர், நாங்க வந்தது என்னன்னா...”

“இருங்க நொரீன், எல்லா வழியையும் பார்த்துடுவோம். அவசரமே கிடையாது.”

உடற்பயிற்சி, ஊசி, மூட்டு மாற்று என்று மூன்று வண்ண அட்டைகளைப் பரப்பினார். நூறு பேரில் எத்தனை பேருக்குக் குணமாகும் என்று காட்ட ஒவ்வொன்றிலும் நூறு குட்டி முகங்கள்; சில சிரித்தன, சில அழுதன. அத்தனைக்கும் விளக்கம் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று.

நொரீன் கணவரின் விலாவில் இடித்தார். “வாயைத் திறந்து சொல்லேன்!”

“பாவம், ஆசையா பேசிட்டிருக்கார். முடிக்கட்டும்,” என்று கிளைவ் முணுமுணுத்தார்.

அலிஸ்டர் முடித்தார். “இப்ப முடிவு உங்க கையில. எது உங்களுக்குச் சரின்னு படுது?”

கிளைவ் யோசித்தார். “மூட்டை மாத்துறதுதான் சரி.”

“யாரும் வற்புறுத்தலையே?”

“சேச்சே.”

“இது நாம சேர்ந்து எடுத்த முடிவு!” அலிஸ்டர் எழுந்து கை குலுக்கினார். கண்கூட லேசாகக் கலங்கியது. “எந்த மாசம் வெச்சுக்கலாம்? அதையும் நீங்களே சொல்லணும்.”

கிளைவ் குனிந்து, கால்சட்டையை மெல்ல மேலே சுருட்டினார்.

முழங்காலில் நீளமாக, இன்னும் சிவப்பு மாறாத ஒரு தழும்பு இருந்தது. மார்ச் மாதம் மூட்டை மாற்றிவிட்டு அலிஸ்டரே போட்ட தையல் அது.