நிற்காமல் ஓட வேண்டும்

ரயில் மறுபடியும் நின்றுவிட்டது. அதே இடம்தான். ரயில்வே கேட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தது இந்தக் கண்ராவியைப் பார்க்கத்தானா?

போட்டிக் கூடம் முழுக்க மேஜைக்கு மேஜை குட்டி ரயில்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. மகளின் ரயில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டருகே வந்து, மூச்சு வாங்குவதுபோல் நின்றது. உடனே மகள், பின்னால் நிறுத்தியிருந்த மலை வரைந்த அட்டைப் பக்கம் தலையைச் சாய்த்து, "போகலாம்" என்பாள். அப்புறம்தான் நகரும்.

அந்த அட்டைக்குப் பின்னால், கறுப்புத் துணி மறைப்பில் உட்கார்ந்துதான் ரயிலை ஓட்டுவார்கள். முன்னால் ஒருவர் நின்று, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். எல்லா மேஜையிலும் அதுதான் வழக்கம்.

"பின்னால யாருடி?"

"என் கூட்டாளிம்மா. இப்பதான் பழக்கம்."

"பழகிக்க இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா அவளுக்கு?"

மகள் தீக்குச்சி வேலியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர்தான் சிரித்தார்.

"உங்க வண்டிக்கு ரொம்ப மரியாதை தெரியுதும்மா. தவறாம நின்னு, கேட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுல்ல போகுது."

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தன் ரயிலைத் துடைக்கப் போய்விட்டார்.

ஒரு வருஷமாகச் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மகள் வசம். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பழகியாயிற்று. பசை வாடையும் பழகிவிட்டது. அம்மாவால் பொறுக்க முடியாதது வேறு.

அப்பா எஞ்சின் டிரைவர். போன வருஷம், சாத்தியிருந்த கேட்டுக்கு அடியில் குனிந்து, ஒருவர் சைக்கிளோடு தண்டவாளத்துக்குள் வந்துவிட்டார். பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. அப்பா மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அப்பா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அன்றோடு சரி, எஞ்சினில் ஏறவேயில்லை. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

அப்பாவின் கண்ணெதிரே உட்கார்ந்து ரயில் செய்கிறாயே, உனக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அம்மா எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். இவள் தலை நிமிராமல் பசை தடவிக்கொண்டிருப்பாள்.

சின்ன வயதில் இப்படியில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, ரயில் கார்டு கொடி காட்டுவதுபோல் பச்சைக் கைக்குட்டையை ஆட்டுவாள். 'கார்டு சொன்னாத்தான் வண்டியை எடுப்பேன்' என்று அவரும் செருப்பு மாட்டிக்கொண்டு காத்து நிற்பார். வீட்டில் அவள் பெயரே கார்டு என்றாகிவிட்டது. அந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்றுதான் அம்மாவுக்குத் தெரியவில்லை.

நடுவர் வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தீக்குச்சி வேலி, பஞ்சுப் புகை, கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றி நிற்கும் நக அளவு சைக்கிள்காரர் என்று ஒவ்வொன்றாகப் பாராட்டினார். இதில் தேர்வானால் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். ஒரு வருஷமாக மகளின் பேச்சே அதுதான்.

"பத்து நிமிஷம் நிக்காம ஓடணும்மா. அது ஒண்ணுதான் விதி. ஆரம்பிக்கலாமா?"

ரயில் கிளம்பியது. வளைந்தது, பாலம் ஏறியது, இறங்கியது. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கேட்டருகே வந்து நின்றுவிட்டது.

நடுவர் நல்ல மனிதர். உச்சுக் கொட்டினார். "ஓட்டற ஆளை மாத்திட்டு நீயே ஓட்டிக் காட்டேன். இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"வேண்டாம் சார்" என்றாள் மகள். "ஓட்டறவங்க சரியாத்தான் ஓட்டறாங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"ஒரு வருஷம் உயிரைக் கொடுத்துச் செஞ்சுட்டு, எவளோ ஒருத்தி மனசு நோகக் கூடாதுன்னு தாரை வார்த்துட்டு நிக்கிறியே. அறிவிருக்கா உனக்கு? நகரு, நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் அவளை."

"அம்மா, வேண்டாம்மா. அங்க போகாதே."

அம்மா போனாள். கறுப்புத் துணியை வெடுக்கென்று விலக்கினாள்.

உள்ளே ஒரு குட்டை ஸ்டூல். அதில், காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் புருஷன். மடியில் ரயிலை ஓட்டும் பெட்டி. அதன் திருகின்மேல் விரல்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் திரும்பவில்லை. மலைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் வைத்த கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த சைக்கிள்காரர் வெளியவேதானே நிக்கிறார், கார்டு?"

அம்மா குனிந்து அதே இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"வெளியவேதான் நிக்கிறார்" என்றாள். "நீங்க போகலாம்."