நாளைக்குக் கண்டிப்பா

லாஸ் வேகாஸில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுகிறேன். ஒஹையோவிலிருந்து விடுமுறைக்கு வந்த டுவெய்ன், மூன்று நாளாக என் மேஜையில் பாலைவன வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் சூதாட்ட விடுதியின் சிகரெட் நாற்றம். சட்டையில் முந்தாநாள் சாஸ் கறை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்.

"மரணப் பள்ளத்தாக்குக்கு எத்தனை பாட்டில் தண்ணி வேணும்?"

"எட்டு, சார். விடியறதுக்குள்ள கிளம்பிடுங்க."

"நாளைக்குக் கண்டிப்பா!"

சுவரில் என் படம் இருக்கிறது. துருப்பிடித்த பீப்பாய்க்குப் பக்கத்தில், புழுதி படிந்த வண்டியில் நான். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "நீ ஆம்பளைப்பா!" அவர் எடுத்த வண்டியோ நின்ற இடத்திலேயே நின்றது.

நான்காம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மூணு மணிக்கு ஃபிளைட். ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டேன்பா. ஒரு போட்டோ மட்டும்..."

வாரத்துக்கு நாலு பேர் இப்படி! கடைக்குப் பின்னாலிருக்கும் காலி மனைக்கு வண்டியைத் தள்ளிப் போனேன். இதற்கென்றே வைத்திருக்கும் டப்பாவிலிருந்து மண்ணை அள்ளி வண்டிமேலும் அவர் பூட்ஸ்மேலும் தூவினேன்.

"மூஞ்சிலயும் கொஞ்சம்," என்றார்.

வெட்கங்கெட்ட ஜென்மம். கை நிறைய அள்ளி வீசினேன்.

படம் எடுத்ததும், பக்கத்தில் கிடந்த பீப்பாயையே உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, இது உன் படத்துல இருக்கற பீப்பாய்தானே?"

டப்பாவை மூடினேன்.

"நானும் லீவுக்கு வந்தவன்தான் சார். பதினாறு வருஷம் ஆச்சு. பள்ளத்தாக்குக்குத்தான் இன்னும் கிளம்பல."