செல்லாத கல்யாணம்

"மூணு வருஷம் ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டுட்டு, இவ என் பெண்டாட்டியே இல்லைன்னு சொல்றவன் மனுஷனாய்யா?"

மதுக்கடை பார்டோ அம்மா குவளையை வைத்த வேகத்தில் பாதி பீர் என் மடியில் கொட்டியது.

அவள் திட்டியது எங்கள் ஹாசல்விக் ஊரின் பெரிய வீட்டு துரை, சர் எவரார்டை. ஐம்பதை நெருங்குகிற மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் குதிரைகூடச் சிரிக்காது.

மனைவி லெட்டிஸுக்கு அவர் வயதில் பாதிதான். அவள் மனசு கொடுத்திருந்தது கப்பல் வைத்தியன் ஃபென்விக்குக்கு.

"குண்டடி பட்டவன் காலை ரம்பத்தால அறுக்குறவனுக்கு என் வீட்டுப் பொண்ணா?" என்று அவளை வளர்த்த மாமா குதித்தார். ஃபென்விக் கடலில் இருந்த சமயம் பார்த்து, சர்ச்சில் மூன்று ஞாயிறு அறிவிப்புகூட இல்லாமல், லைசென்ஸ் வாங்கி ஒரே வாரத்தில் துரைக்குக் கட்டிவைத்துவிட்டார். பெண்ணின் அப்பா கல்கத்தாவில் இருந்தார். கடிதம் போய்ச் சேரவே ஆறு மாசம். அவரை யார் கேட்டார்கள்?

போர் முடிந்து ஃபென்விக் ஊர் திரும்பினான். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் கடைசி பெஞ்சு, அவள் முதல் பெஞ்சு. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் ஊருக்கே காட்டிக்கொடுத்தது.

துரை கண்ணுக்கும் அது தப்பவில்லை. கல்யாண விவகாரமெல்லாம் பார்க்கிற பேராயர் கோர்ட்டில் வழக்குப் போட்டார், இந்தக் கல்யாணமே செல்லாது என்று.

"கள்ள உறவுன்னு கேஸ் போட்டிருந்தாக்கூட ரோஷக்காரன்னு விட்டிருப்பேன்" என்றாள் பார்டோ அம்மா.

"போட்டிருந்தா வேலைக்காரி, வண்டிக்காரன் எல்லாம் கூண்டேறிப் படுக்கையறைக் கதை சொல்லியிருப்பாங்களே அம்மா. லண்டன் பத்திரிகை பூரா அந்தப் பொண்ணு பேரு நாறியிருக்கும்."

"இப்ப மட்டும் மணக்குதாக்கும்? கேஸ் ஜெயிச்சதே உன்னாலதானேய்யா!"

உண்மைதான். சாட்சி நான். முப்பத்துநாலு வருஷமாக எங்கள் சர்ச்சின் குமாஸ்தா. கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் எல்லாம் என் பேனா வழியாகத்தான் போகவேண்டும்.

லைசென்ஸ் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு இருபத்தொன்று முடிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா உயிரோடிருக்கும்போது மாமா கையெழுத்து செல்லாது. கல்யாணத்துக்கு அப்புறம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார், மாமாவும் போய்ச் சேர்ந்தார். அவள் பிறந்த வருஷத்து ஏடு சர்ச் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. ஆக, அவள் வயதுக்கு மிச்சமிருந்த ஒரே ஏடு என் மண்டைதான்.

"கல்யாணத்தன்னைக்குப் பெண்ணுக்கு இருபதுதான்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீர்?" என்று கேட்டார் நீதிபதி.

"அந்த ஞானஸ்நானத்தை மறக்க முடியுங்களா ஐயா? இருபத்துமூணு வருஷத்துக்கு முந்தின பெருங்குளிர்ல தொட்டித் தண்ணி கல்லாப் போச்சு. மெழுகுவத்தித் தண்டால நான்தான் உடைச்சேன். உள்ள ஒரு மீன்."

"ஞானஸ்நானத் தொட்டியிலயா?"

"உயிரோட, ஐயா. பாதிரியார் வெள்ளிக்கிழமை வறுத்துச் சாப்பிட்டார்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை எவனாலும் கற்பனை பண்ண முடியாது" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பிறகு லெட்டிஸைப் பார்த்து, "மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கா அம்மா?" என்றார்.

அவள் துரையை வெகுநேரம் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"இல்லை, ஐயா."

அவ்வளவுதான். அவள் மறுபடி கல்யாணமாகாத பெண். இன்று காலை எங்கள் சர்ச்சிலேயே ஃபென்விக் அவள் விரலில் மோதிரம் போட்டான். அந்நேரம் துரை தெருவோடு போனார். பெண்கள் காறித் துப்பினார்கள். யாரோ ஒரு முட்டையை வீசினார்கள். துரை கோட்டைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

"சரியான அடி!" என்றாள் பார்டோ அம்மா. "ஏதோ அந்தப் பொண்ணு நல்ல நேரம், கையப் பிடிக்க ஒருத்தன் இருந்தான். இல்லைன்னா தெருவுலதான். நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் சாட்சி சொன்னே?"

"இந்த மூஞ்சிதான், அம்மா. வேற இல்லையே" என்று மிச்ச பீரைக் குடித்தேன். அவளிடம் வேறென்ன சொல்ல? பொய்ச் சத்தியம் வெளியே வந்தால் எனக்குச் சிறை, லெட்டிஸுக்கு மறுபடி பழைய மோதிரம்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் துரை என் சமையலறைக்கு வந்தார். முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டக்கெட், கல்யாணத்தன்னைக்கு அவளுக்கு இருபத்திரண்டு முடிஞ்சிருந்துச்சு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"அப்ப கேஸ் நிக்காதே, துரை!"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் முன்னால், ஒரு குமாஸ்தா முன்னால்.

"அவ சந்தோஷமா இருக்கணும்யா. கெட்ட பேரு இல்லாம அவளை அனுப்ப எனக்கு வேற வழி தெரியல. ஊர்லயே பெரிய புளுகன் நீதானாமே... எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லேன்."