நன்றியுரையில் ஒரு பெயர்

மாலை நான்கு மணி. முத்தியால்பேட்டை வீட்டு மாடியறையில் பேராசிரியை சத்யப்பிரியா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கீழே பட்டறையில் வெல்டிங் வைக்கிறார்கள்; அதன் நீல வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் துடித்துத் துடித்து அணைகிறது. பர்மாவிலிருந்து, பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் பேசுகிறாள் மங்களம். ராணுவ ஆட்சியைப் பற்றி அங்குள்ள மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் சத்யப்பிரியாவின் இருபது வருட ஆராய்ச்சி. அவளை வீடு வீடாக அழைத்துப்போனவர் மங்களத்தின் அப்பா தணிகாசலம். ஆராய்ச்சியை ஆங்கிலப் புத்தகமாக எழுதியபோது, பேட்டி கொடுத்த அத்தனை பேரின் பெயரையும் ஊரையும் சத்யப்பிரியா மாற்றிவிட்டாள். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் அவர் பெயரை அப்படியே போட்டாள். அவர்தான் ஆசையாகக் கேட்டார்.

"அந்தப் பக்கத்தக் கண்ணாடி போட்டு செவுத்துல மாட்டியிருந்தாரு. நேத்து ராணுவத்துக்காரங்க அதயும் கழட்டிக்கிட்டு அப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்கிறாள் மங்களம். அவள் அழவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. சத்யப்பிரியா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்கிறாள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுக்கா. அப்பா தப்பு பண்ண மாதிரி அதுல எதுனா எழுதியிருக்கா?"

கீழே வெல்டிங் நிற்கிறது. யாரோ டீ சொல்கிறார்கள்.

"இல்லம்மா" என்று தொடங்கியவள் வரியை மறுபடி படிக்கிறாள். "இவரு இல்லன்னா ஒருத்தர்கூட எங்கிட்ட வாயத் தொறந்திருக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கேன்."